எட்டு நிமிடத்துக்கு ஒரு உறுமல்

என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஐந்து டிரைவ்கள் இருக்கின்றன. ஒன்று சின்னது. உள்ளே எதுவும் சுற்றாத புது ரகம், மூச்சுக்கூட விடாது. மற்ற நான்கும் தட்டு சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குகள். நான் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறவள். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, பல் டாக்டர் விளம்பரம் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். கொடுத்த பிறகும் எதையும் அழிக்க மனசு வராது. அதனால்தான் நான்கு. அந்த நான்கையும் சேர்ந்தாற்போல் இருபது நிமிடம் தூங்க வைப்பதற்காக ஒரு புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நான் பட்ட பாட்டையும், நடுவில் செய்த ஒரு அயோக்கியத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்கு ஆறும்.

தூங்க வைக்க வேண்டியிருந்தது என் நாத்தனாருக்காக. கணவரின் தங்கை. பதினோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணிக்கு என்று நாள் முழுக்க அவள் குரல்தான் அங்கே ஒலிக்கும். நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். புதுக் குத்தகைக்காரர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். இவளைப் போகச் சொல்லிவிட்டார். எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறாள். ஊருக்கே கேட்கும்படி பேசியவள் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டல், இன்னும் வேண்டுமா என்றாலும் தலையாட்டல். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று நாம்தான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அந்தக் கடுப்பில் அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்தேன். அதற்கும் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கிற ஒரு நிறுவனம். மூன்று மாதத்துக்கு முன் எங்களிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு டாக்டர் எழுதிய பயண நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை அனுப்பி, வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இருபது நிமிடம். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், வெட்டு ஒட்டு கூடாது, சத்தத்தைச் சுத்தம் செய்கிற மென்பொருள் கூடாது, பின்னால் ஊசி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். அதே நேரத்தில் ஒரு செருப்புக் கடையிலும் அவளை பில் போடுகிற வேலைக்குக் கேட்டிருந்தார்கள். அங்கேயும் சனிக்கிழமைதான் கெடு.

"கிடைச்சா புத்தகம், கிடைக்காட்டி செருப்பு" என்றார் கணவர். தங்கை சிரிக்கவில்லை. நான் முறைத்தேன்.

எங்கள் வீட்டில் முன்னறைகள் இரண்டும் தெருவைப் பார்த்தவை. கீழே பஸ் ஸ்டாப், எதிரே பள்ளிக்கூடம். சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற என் வேலை அறை மட்டும்தான் அமைதி. மூன்று சுவரிலும் துணி அலமாரி, கதவுக்குக் கனமான திரை. நல்ல மைக்கும் என்னிடம் இருந்தது. லேப்டாப்பில் பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். என் லேப்டாப் போன வருடமே கண்ணை மூடிவிட்டது. போனில் எடுத்த பதிவை ஏற்கமாட்டோம் என்று அவர்கள் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை அறைக்கு வெளியே தள்ளி நீளமான வயர் போட்டுப் பார்த்தோம். வயருக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். ஆக, பெட்டியும் மைக்கும் ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும். பெட்டியின் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிற ரகம், அதனால் தொல்லை இல்லை. தொல்லை அந்த நான்கு டிஸ்க்குகள் சேர்ந்து போடுகிற ம்ம்ம் என்ற சத்தம். பல வருடம் கேட்டுக் கேட்டு என் காது அதை மறந்தே போயிருந்தது. மைக் மறக்கவில்லை.

"அந்த நாலுக்கும் போற கரண்ட் வயரைப் பிடுங்கி விட்டுடேன்" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் முதலில் பிடுங்கிப் பார்ப்பது அவர் சுபாவம்.

"பெட்டியைத் திறக்கிற பேச்சே வேணாம். இதுக்கெல்லாம் செட்டிங்ஸ் இருக்கு. இது என் தொழில், நீங்க உங்க லிஃப்ட்டைப் பாருங்க" என்று சீறினேன்.

சீறியதற்குக் காரணம் நான்கில் மூத்த டிஸ்க். நான் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வேன். எட்டு வருடமாக ஓடுகிறார். அவருக்குள் இருப்பது என் சொந்தப் படம். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர்களைப் பற்றி, எனக்கே எனக்காக, யாரும் கேட்காமல் எட்டு வருடமாக எடுத்துவருவது. நூற்று நாற்பது மணி நேரம் இருக்கும். அதற்கு வேறு எங்கும் காப்பி கிடையாது. மற்ற மூன்றிலும் ஊரார் கல்யாணம் நிரம்பி வழிகிறது, அடுத்த வாரம் இடம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்து நினைத்தே காலம் ஓடிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போனபோது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து போட்டால், அப்போதிருந்த டிஸ்க்குகளில் ஒன்று எழவில்லை. டக் டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கிப் போனது. இரண்டு கல்யாணம் அதோடு போயிற்று. அந்த மணப்பெண்களின் முகத்தில் விழித்த நாளை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை நான் அணைத்ததே இல்லை.

புதன்கிழமை பகலில் வேலையை ஆரம்பித்தேன். பவர் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. இத்தனை நிமிடம் வேலை இல்லாமல் கிடந்தால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்திவிடு என்று அதில் ஓர் எண் கொடுக்கலாம். எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்து ஒரே எண்தான். இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு அவ்வளவு என்று தனித்தனியாக வைக்க அங்கே வழி இல்லை. அதுவரை இருபது என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து என்று மாற்றினேன்.

முதல் தடவை ஸ்பீக்கர் வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் கடகடவென்று ஒரு டிஸ்க் விழித்துக்கொண்டது. பதிவாகிற ஃபைலையே நான் அதற்குள் போகும்படி விட்டிருந்தேன். அவள் குரலை எழுதிவைக்கத்தான் பாவம் அது எழுந்திருக்கிறது. சின்ன டிரைவுக்கு மாற்றினேன். இரண்டாவது தடவை எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கும் நிஜமாகவே தூங்குகின்றனவா என்று பார்க்கலாம் என்று டிரைவ்களையெல்லாம் வரிசையாகக் காட்டுகிற மை கம்ப்யூட்டரை நான் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. குழந்தை தூங்கிவிட்டதா என்று லைட்டைப் போட்டுப் பார்க்கிற கதை. டாக்டர் படகில் ஏறுகிற இடத்தில் ஸ்பீக்கர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் கையை மடியில வெச்சுக்கறீங்களா?"

எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை புதுத் தலைவலி வந்தது. யாரும் எதையும் தொடவில்லை, டிஸ்க்குகள் எல்லாம் அடங்கிவிட்டன, அறை நிசப்தமாக இருக்கிறது, அவள் வாசிக்கிறாள். திடீரென்று உர்ர் என்று ஓர் உறுமல். மறுபடி முதலிலிருந்து. மறுபடி உறுமல். எனக்கு மண்டை காய்ந்தது. வைரஸைத் தேடினேன், தானாக ஓடுகிற அப்டேட்டை நிறுத்தினேன், இணையத்தைத் துண்டித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மதியம் நான் சாப்பிடப் போயிருந்தபோது ஸ்பீக்கர் மட்டும் கம்ப்யூட்டருக்கு எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பியதும் ஒரு தாளை நீட்டினாள். 1.04, 1.12, 1.20, 1.28, 1.36.

"டைம் டேபிள் அண்ணி. எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இல்ல. இவ்வளவு கரெக்டா வர்ற வண்டியை நான் பார்த்ததே இல்ல."

எட்டு என்றதும்தான் எனக்கு நினைவு வந்தது. எட்டு நிமிடம் என்னுடைய எண். மூன்று வருடத்துக்கு முன், அந்த டிஸ்க் செத்த வாரத்தில், நானே ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தேன். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெரியவருக்குள் போய் ஒரே ஓர் எழுத்தை எழுதிவிட்டு வரும். அவரைக் கண்ணயர விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அப்போது தூங்குவதற்கான கணக்கு இருபது நிமிடம், தட்டுவது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆகவே பெரியவர் தூங்கவே இல்லை. நான் அதை வைத்ததையே மறந்து போனேன். இப்போது இருபதை ஐந்தாக்கினேனா, ஐந்தாவது நிமிடம் அவர் தூங்குகிறார், எட்டாவது நிமிடம் என் ப்ரோகிராம் போய் உலுக்கி எழுப்புகிறது. எட்டு ஐந்தைவிடப் பெரியது என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். தொழில்காரி என்று மார்தட்டியவளுக்கு அது தெரியவில்லை.

ப்ரோகிராமை நிறுத்த ஒரு விநாடி போதும். நிறுத்தினால் பெரியவர் மூன்று வருடத்தில் முதல்முறையாக நிஜமாகத் தூங்குவார். தூங்கினவர் எழாமல் போனால்? இந்த மூன்று நிமிடக் குட்டித் தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டுதானே இருக்கிறார் என்று புத்தி சொன்னது. சூடு ஆறாமல் எழுவது வேறு, முழுக்க ஆறிய பிறகு எழுவது வேறு என்று நானே எனக்கு வக்கீல் வைத்து வாதாடினேன். இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"கம்ப்யூட்டர்ல உள்ளுக்குள்ள ஏதோ ஓடுது போல. பார்க்கிறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் புத்தகத்தோடு அறை வாசலில் வந்து நின்றாள். மிளகு போட்ட வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு முடியாது. பெரிய அப்டேட் ஒண்ணு ஓடுது. நாளைக்குத்தான்."

அப்டேட்டும் இல்லை ஒன்றும் இல்லை. மற்ற டிஸ்க்குகளில் இடம் பண்ணி, பெரியவரை அதில் காப்பி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ப்ரோகிராமை நிறுத்தலாம் என்பது என் திட்டம். நல்ல திட்டம்தான், அதற்கு ஆன செலவு மட்டும் அவளுடைய ஒரு நாள். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா? ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்து, இதை அழிக்கலாமா, பிற்பாடு கேட்டால் என்ன செய்வது, இந்தப் பாட்டுக்கு எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறேன் என்று ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் தேவைப்பட்ட இடத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஸ்பீக்கர் முன்னறையில் உட்கார்ந்து, பஸ் சத்தத்துக்கு நடுவே, அதே அத்தியாயத்தை வாய்க்குள்ளேயே வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஸ்பீக்கர் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"செருப்புக் கடைக்குப் போய், வேலைக்கு வர்றேன்னு சொல்லிடலாம்னு. நேர்ல சொன்னா நல்லா இருக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே."

"இருக்கட்டும் அண்ணி. எத்தனை தடவைதான் நீங்களும் பார்ப்பீங்க."

என்னைக் குற்றம் சொல்லுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கோபக்காரிக்கு எதிராளியும் கோபப்பட்டால் சமாளித்துவிடலாம். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த உறுமலுக்குக் காரணம் நான்தான். நான் வெச்ச ப்ரோகிராம் அது. நீ அந்தப் பேப்பரைக் காட்டின நிமிஷமே தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர், படம், காப்பி இல்லாதது, செத்துப்போன டிஸ்க், எல்லாமே. செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நேத்து அப்டேட் ஓடலை."

"ஓடலை."

"பதினோரு வருஷமா லேட்டா வர்ற வண்டிக்கெல்லாம் 'இன்னும் சற்று நேரத்தில்'னு சொல்லிச் சமாளிச்சவ நான். சமாளிக்கிற குரல் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும் அண்ணி. நேத்தே தெரிஞ்சிடுச்சு. ஏன்னுதான் தெரியலை." குனிந்து செருப்பைப் பார்த்தாள். "நான் உங்க ரூமை அடைச்சுக்கிட்டு இருக்கேன், அது பிடிக்கலை, வாய் விட்டுச் சொல்ல முடியாம இப்படிச் செய்றீங்கன்னு நினைச்சேன். நேத்து பூரா அதேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவளை எனக்குப் பிடிக்கும். அதை ஒரு நாளும் சொன்னதில்லை, பட்டப்பெயர் வைத்ததோடு சரி. "அப்படி இல்லவே இல்ல" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பிலிருந்து காலை எடுத்தாள்.

"எனக்குக் கோபம் போகலை. ஆனா நேரமும் இல்ல. வாங்க, அந்தப் பெரியவரைக் காட்டுங்க."

டிஸ்க்குகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுகிற ஒரு மென்பொருளைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து ஒரு டிஸ்க் எத்தனை தடவை நின்று எழுந்திருக்கிறது என்ற கணக்கு அதில் இருக்கும். பெரியவரின் கணக்கு அறுபத்தொன்று என்று போன மாதம் நானே எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். இப்போது நானூற்று எழுபத்து மூன்று என்று இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். புதன்கிழமையிலிருந்து மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு தடவை. எதிலிருந்து அவரைக் காப்பாற்றப் போய் அவள் வேலைக்கு உலை வைத்தேனோ, அதையே நான் அவருக்கு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"நானூத்திப் பன்னெண்டு தடவை எழுந்தவர் இன்னொரு தடவை எழ மாட்டாரா?" என்றாள் ஸ்பீக்கர்.

ப்ரோகிராமை அழித்தேன். நிறுத்தவில்லை, அடியோடு அழித்தேன். ஐந்து நிமிடத்தை மூன்றாக்கினேன். மென்பொருளை மூடினேன், அதுவும் டிஸ்க்கைத் தட்டி எழுப்பும் என்பதால். கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாகப் பெரியவர் ஒரு பெருமூச்சு மாதிரி இறங்கி நின்றார். அந்த அறையில் அப்படி நீண்டு நிற்கிற ஓர் அமைதியை நான் மூன்று வருடமாகக் கேட்டதில்லை. என் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஆனால் வாசிப்பு வரவில்லை. முதல் தடவை குரல் கம்மியது. இரண்டாவது தடவை இடறியது. மூன்றாவது தடவை பாதியில் அவளே நிறுத்தினாள். "கோபத்தோட வாசிச்சா டாக்டர் படகுல போறது சண்டைக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள். நான் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெளியே போய் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நடந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வீணானது. ஒன்றில் பக்கம் புரட்டுகிற சத்தம், இன்னொன்றில் என் வயிறு. வயிற்றுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று ஐம்பதுக்குத் தொடங்கியது கடைசித் தடவை. அவள் வாசிக்க வாசிக்க நான் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்து போனது. டாக்டர் படகில் போகிறார், தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம், படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுச் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நிலையத்தில் கேட்ட குரல்தான். ஆனால் அங்கே ஆயிரம் பேருக்குச் சொன்னதை இங்கே ஒருவருக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. கடைசி வரியை முடித்துவிட்டு, அவர்கள் கேட்டிருந்தபடி ஐந்து விநாடி சும்மா இருந்தாள். பிறகு தானே கை நீட்டி நிறுத்தினாள். ஒரு உறுமலும் இல்லை.

ஃபைலுக்குப் பெயர் வைக்கிற ஜன்னல் திறந்தது. திறந்ததும் டிஸ்க்குகள் விழிக்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நான் நான்காவதற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பெரியவர் எழவில்லை.

"அண்ணி?"

"பேரு வை. அனுப்பு."

"பெரியவர்…"

"முதல்ல அனுப்புன்னு சொன்னேன்ல!"

செத்த டிஸ்க்கைத் தொட்டால் மொத்தக் கம்ப்யூட்டரும் விறைத்துக்கொள்ளும். அனுப்புவது பாதியில் அறுந்துவிடும். அது எனக்குத் தெரியும். எங்கள் இணையம் நகர்கிற வேகத்துக்கு அந்த ஃபைல் போக நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது. அந்த நாற்பது நிமிடமும் நான் மவுஸைத் தொடவில்லை. கயிற்றில் தொங்கிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் கண் முன் வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் சிரிப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. நான் ஓசையில்லாமல் அழுதேன். ஸ்பீக்கர் நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்தது முதல்முறையாக எனக்கு இதமாக இருந்தது.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

"இப்ப அவரைப் பார்க்கலாம்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மை கம்ப்யூட்டரைத் திறந்து பெரியவரைக் குறிக்கிற எழுத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

உர்ர்ர்.

எழுந்துவிட்டார். எட்டு வருடத்து ஃபோல்டர்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. அவருக்கு ஒரு கேடும் இல்லை. பெயர் வைக்கிற ஜன்னல் கடைசியாகப் புழங்கிய ஃபோல்டர்களை மட்டும் போய்ப் பார்க்கும். பெரியவருக்குள் போய் நான்தான் மாதக்கணக்கில் எதையும் தொடவில்லையே. யாரும் கூப்பிடவில்லை, அதனால் எழவில்லை. இதுவும் என் தொழில்தான், இதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பத்தே நிமிடத்தில் ஊரார் கல்யாணங்களில் பதினேழை அழித்தேன். எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரியவரிடமிருந்து காப்பி ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. நான் கைகால் கழுவி வருவதற்குள் ஸ்பீக்கர் அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"கோபம் போயிடுச்சா?" என்றேன்.

"கொஞ்சம் இருக்கு. ராத்திரிக்குள்ள தீர்ந்துடும்."

ஆறே காலுக்கு அவள் போன் அடித்தது. அந்த நிறுவனத்து அம்மாள். ஃபைல் வந்ததும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் கேட்கலாம் என்று உட்கார்ந்து, முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாராம். எனக்கும் கேட்கும்படி போனை வைக்கத் தெரியாமல் ஸ்பீக்கர் தடுமாறினாள். எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. ஆமாங்க. சரிங்க. முழுப் புத்தகமுங்களா? அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. அவள் முகம் மெல்ல மாறியது. போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வாரத்துக்கு வேலை, அண்ணி. தினமும் பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பதிவு பண்ணிப் பன்னெண்டரைக்குள்ள அனுப்பணுமாம். இன்னைக்குக் கேட்ட மாதிரியே அமைதியா ஒரு ரூம் இருக்கான்னு கேக்கறாங்க." குரல் இறங்கியது. "இல்லைன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம். என்ன சொல்லட்டும்?"

பத்திலிருந்து பன்னிரண்டு நான் உட்கார்ந்து வேலை செய்கிற நேரம். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டாள், கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று நாள் முழுக்க அவள் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"அது உன் ரூம்" என்றேன். "பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அங்க ஒண்ணும் சுத்தாது. நான்கூடச் சுத்த மாட்டேன்."

அவள் கையை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரூம் இருக்குங்க" என்றாள் போனில், நடைமேடையின் அந்தக் கோடியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.